நான் கேட்காமல் விட்ட ஏழாவது கேள்வி

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்படி வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்று சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அம்மா, அவளுக்கு அது இருக்கு. நீ ஆபீஸ்ல பாத்தியே, அதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவதான் சொல்லச் சொன்னா" என்றாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தேன். அது தெளிந்த பிறகும் இன்னொரு முறை பிடித்தேன். அப்புறம், "சாப்பிட்டுட்டுப் போறியா?" என்று கேட்டேன். எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் அவர்களுடைய கணவன் மனைவியரிடமும் உட்கார்ந்து பேசுவதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவள், சொந்த மகனிடம் கேட்டது அதைத்தான். "அவ மாத்திரை சாப்பிடறா. நாங்க பாத்துக்கறோம்மா" என்றாய். மழை வருவதற்குள் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாய். மழை வரவில்லை.

மறுநாள் உனக்கு போன் செய்தேன். தமிழில் வாய் வரவில்லை, அதனால் வியட்நாம் மொழியில் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் எல்லாம் தானாக வந்தது: கடைசிப் பரிசோதனை எப்போது, எந்த மருந்து, எத்தனை வேளை. மூன்றாவது கேள்வியில் நீ என்னை நிறுத்தினாய். "அம்மா, ஆபீஸ் குரல்ல பேசாத. நான் உன் க்யூவில உக்காந்திருக்கிற ஆள் இல்ல" என்றாய். நீ வேலை பார்க்கிற விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கின் சத்தம் பின்னால் கேட்டது. லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஒலி. வைத்துவிட்டோம். நீ சொன்னது சரி. ஆனால் அந்தக் குரலை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு குரல் இல்லை என்பது உனக்குத் தெரியாது. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் பெயரையும் அவள் பெயரையும் இதில் எங்கும் எழுதவில்லை. நீ படித்து, அவளுக்கும் படித்துச் சொல்லி, இருவரும் சரி என்றால் மட்டும் மற்றவர்கள் படிக்கட்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் இது என் அலமாரியிலேயே இருக்கும். இருவரையும் தனித்தனியாகக் கேட்பது எங்கள் வேலையின் முதல் விதி.

"பாத்துக்கறோம்" என்ற அந்தச் சொல்லை இதே மாதிரி, பேச்சின் இதே இடத்தில், இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதை உனக்கு நான் சொன்னதே இல்லை. உன் தாத்தாவிடமும் சொன்னதில்லை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் பாதி சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கோ மீதிப் பாதியை வியட்நாம் மொழியில் சொல்ல மனம் வரவில்லை.

நான் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும், உன் தாத்தா கிண்டலடித்தே சொல்லியிருக்கிறார். போர் முடிந்து சைகோன் கைமாறிய பிறகு வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வந்து குடியிருந்த குடும்பங்கள் பிரான்ஸுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் வராத ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்து, பிறகு காத்திருப்பதையும் மறந்து இங்கேயே தங்கிவிட்டோம். காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே, ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கும் பெண் நான். எது கிடைத்தாலும் வாசிப்பேன். புதுப் பாடப்புத்தகம், மருந்துச்சீட்டு, உரமூட்டையில் அச்சடித்திருந்த எழுத்து, எதையும் விடமாட்டேன். வீட்டில் தமிழ்ப் புத்தகங்கள் மூன்றுதான் இருந்தன: ஒரு செபப் புத்தகம், ஓர் ஐந்தாம் வகுப்பு வாசகப் புத்தகம், அட்டை கிழிந்த ஒரு சமையல் புத்தகம். மூன்றையும் தையல் விட்டுப்போகும் வரை வாசித்தேன். என் தமிழ் முழுக்க அந்த மூன்றிலிருந்தும் என் அம்மாவின் அடுப்படியிலிருந்தும் வந்தது. செபம் செய்யலாம், புளி கரைக்கலாம், யானையைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதலாம். ஒரு ஆணும் பெண்ணும் படுக்கையில் என்ன செய்கிறார்கள் என்று அந்தத் தமிழில் கேட்க வழியே இல்லை. அது ஒரு குறை என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. அதைக் கேட்க வேண்டிய தேவை எனக்குத் தமிழில் வரவில்லை. உன் அப்பாவும் நானும்கூட ஒருவரை ஒருவர் எதையும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் போகும்போது உனக்கு நான்கு வயது. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது நான் வேலை பார்த்த சுகாதார நிலையம் நினைவிருக்கிறதா? கீழ்த்தளத்தில் பச்சைக் கதவு. நீ காலைப் பள்ளி விட்டு மத்தியானத்துக்கு முன்பே வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடிப்பாய். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "காய்ச்சல் பாக்கறோம்" என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நாங்கள் பார்த்தது தம்பதிகளை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும், மற்றவருக்கு இருக்காது. அந்த மற்றவருக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் மருந்து எல்லோருக்கும் கிடைக்காது, வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆளும் குறைவு. அதனால் எந்த ஜோடிக்கு ஆபத்து அதிகம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். கணவனை ஓர் அறையிலும் மனைவியை ஓர் அறையிலும் உட்கார வைத்து, பதினான்கு கேள்விகளை இருவரிடமும் கேட்போம். பிறகு இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவோம். சிவப்பு என்றால் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மற்றவரைப் பரிசோதிப்போம், டாக்டர் அவர்கள் பெயரை மருந்து வரிசையில் முன்னால் தள்ளுவார். பச்சை என்றால் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். ஆபத்து ஒரு ஆளுக்குள் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில்தான் இருக்கிறது, அதனால் நடுவில் பாருங்கள் என்று பயிற்சி கொடுத்த டாக்டர் அம்மா சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நான் அப்படித்தான்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. பக்கத்து அறையில் கேள்வி கேட்பவள் லான். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். அவளும் நானும் ஒரு காலையில் ஆறு ஜோடி பார்ப்போம். ஏழாவது கேள்வி, உடலுறவின்போது ஆணுறை போடுகிறீர்களா, எப்போதுமா, சில நேரமா, இல்லையா என்பது. அதை வியட்நாம் மொழியில் கிழவர்களிடமும் கேட்டிருக்கிறேன், சந்தையில் மீன் வெட்டுகிற பெண்களிடமும் கேட்டிருக்கிறேன். குரல் நடுங்காது. இங்கே எல்லோரும் என்னை 'சீ', அதாவது அக்கா, என்பார்கள். தெரியாதவர்கள், போலீஸ்காரர், பேருந்தில் டிக்கெட் கொடுக்கிறவர் என்று எல்லோருக்கும் நான் அக்கா. அதனால் யாருக்குமே அக்கா இல்லை. உன் தாத்தா சிரிப்பார்: "நாள் பூரா உன்னப் பாத்து சீ, சீங்கறானுவ. நீயும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற."

ஒரு காலை ரோசா வந்தாள். அது அவள் பெயர் இல்லை, ஆனால் ஏதோ ஒரு பெயர் வேண்டுமே. அவள் அம்மா காரைக்கால் குடும்பம், அப்பா வியட்நாமியர். இருபத்தாறு வயது. வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். கட்டைவிரலில் எப்போதும் ஊசி குத்திய புள்ளிகள் இருக்கும். கணவனைத் துவான் என்று வைத்துக்கொள்வோம். வுங் டா துறைமுகத்திலிருந்து கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் வேலை. இரண்டு வாரம் கடல், சில நாள் வீடு. இளவயதில் நண்பர்களோடு போதை ஊசி போட்டுக்கொண்டவன். விட்டுவிட்டான், ஆனால் நோய் தங்கிவிட்டது. அவளுக்கு இல்லை. அந்த வாரம் வந்த பரிசோதனை முடிவை நானே பார்த்தேன். தெரிந்தவர்களை நாம் விசாரிக்கக் கூடாது, மாற்றிவிட வேண்டும் என்பது விதி. நான் அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால் என் கழுத்துச் சங்கிலியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டாள். அந்த நிமிஷமே நான் தெரிந்தவளாகிவிட்டேன். அறையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அம்மா போன பிறகு உன் தாத்தாவையும் உன்னையும் தவிர யாரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை.

முதல் ஆறு கேள்விகள் சரளமாகப் போயின. எத்தனை வருஷமாகக் கல்யாணம், யார் யார் வீட்டில், மாமியார் இருக்கிறாரா, பிள்ளை வேண்டும் என்று யாராவது வற்புறுத்துகிறார்களா. "யாரு வற்புறுத்தல? அத்தை நேத்துகூட பக்கத்து வீட்டுக் குழந்தையத் தூக்கியாந்து என் மடியில போட்டுட்டுப் போறாங்க. நான் தைச்சுக்கிட்டிருக்கிற நேரம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது ஏழாவது கேள்வி வந்தது. படிவம் வியட்நாம் மொழியில் இருந்தது. அதைத் தமிழில் மாற்றவேண்டிய இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது? மொழியை மாற்றியிருக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வியட்நாமுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது போல இருக்கும் என்று தோன்றியது. படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் பாத்து நடந்துக்கறீங்கதான?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே நீ ஸ்ட்ராவில் ஐஸை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பாத்துக்கறோம் அக்கா" என்றாள். நான் 'எப்போதும்' என்ற கட்டத்தில் நீல மையில் குறி போட்டேன். எட்டாவது கேள்விக்குப் போனேன்.

இப்போது நான் சொல்லப்போவது அதைவிட மோசம். மத்தியானம் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் வைத்தோம். துவான் ஏழாவது கேள்விக்கு லானிடம் 'சில நேரம்' என்று சொல்லியிருந்தான். இரண்டும் ஒத்துவராவிட்டால் இருவரையும் மறுபடி கூப்பிட வேண்டும். லான் தன் பேனாவால் அந்தக் கட்டத்தைத் தட்டினாள். "அக்கா, என் ஆளு சில நேரம்ங்கறான். உங்க பொண்ணு எப்பவும்ங்கறா. ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்களோட படுக்கறாங்களா என்ன?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. என் பெண்ணைப் பற்றி அப்படிப் பேசுகிறாளே என்று. "அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல. கடல்ல இருக்கிறவன் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான்" என்றேன். லான் மெல்வதை நிறுத்தினாள். "நீங்க கேட்டீங்கதானே? வார்த்தைக்கு வார்த்தை?" என்றாள். நான், "கேட்டேன்" என்றேன். வகுப்பில் முதலில் கை தூக்கும் பெண், தெரியாது என்று சொல்லிப் பழகாத பெண், கேட்டேன் என்று சொன்னாள். அவன் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பதில்லை என்பதும் கணக்கில் சேர்ந்தது. பச்சைச் சீட்டு ஒட்டினோம்.

அதே மாதம்தான், உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளி நோட்டில் வாசிக்காத பாடங்களுக்கு நேரே 'வாசித்தேன்' என்று நீயே குறி போட்டு என் கையெழுத்தையும் போட்டிருந்தாய். நான் மர ஸ்கேலால் உன் உள்ளங்கையில் மூன்று அடி கொடுத்தேன். செய்யாததற்குக் குறி போடுவது திருட்டைவிடக் கேவலம் என்று கத்தினேன். நீ அழவில்லை. "சாரிம்மா" என்று மட்டும் சொன்னாய். அந்தக் குரலில் நான் அவ்வளவு திருப்திப்பட்டேன். அந்த மூன்று அடிக்காக இன்று உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். அப்போது உன்னை அடித்த கையில்தான் அந்த நீல மை இருந்தது.

ஆறு மாதம் கழித்து ரோசா தனியாக வந்தாள். ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த நாளில், அதை அவளிடம் சொல்ல வேறு யாரையாவது அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கும் வந்திருந்தது. அவள் அழுவாள் என்று டிஷ்யூ பெட்டியை அருகில் வைத்திருந்தேன். அவள் தன் கட்டைவிரல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைத் திட்டுகிற குரலில் இல்லை, எங்கேயோ வைத்த சாவியைப் பற்றிச் சொல்கிற குரலில், "அன்னிக்கு நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன் அக்கா" என்றாள். "கேட்டா சொல்லிடுவேன்னு துவான்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன். வீட்டுல அதையெல்லாம் வைக்க முடியாது. அத்தை எங்க ரூமை நித்தமும் துடைப்பாங்க, தலகாணி உறைகூட உதறுவாங்க. ஒரு தடவ கண்டுபிடிச்சு, பிள்ள வராததுக்கு இதுதான் காரணமான்னு மூணு நாள் சாப்பிடல. அப்புறம் வைக்கல. எங்க வைக்கறதுன்னு உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

லானிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன், கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டவில்லை. பச்சைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு, தன்னையும் மீறி வந்தது போல, "தையல் மெஷினுக்கு அடியில எண்ணெய்ப் பெட்டி இருக்குமே" என்றாள். "அங்க வச்சிருக்கலாம். எந்த மாமியாரும் அந்தக் கறைக்குள்ள கை விடமாட்டா." அவ்வளவுதான் தம்பி. ஒரு நிமிஷ வேலை. ஒரு தகரப் பெட்டி. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தெரிந்த மொழிக்காரர், தெரிந்த ஊர்க்காரர் வந்தால் கட்டாயம் அறையை மாற்ற வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கினார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஏழாவது கேள்வி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நல்ல பழக்கம் என்று இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் யாருக்கும் காரணம் தெரியாது.

ரோசா உயிரோடு இருக்கிறாள். நன்றாகவே இருக்கிறாள். மருந்து பிறகு எல்லோருக்கும் கிடைத்தது, துவானுக்கும் கிடைத்தது. மருந்தோடு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நோய் இல்லை. நீ ரோசாவைப் பார்த்திருக்கிறாய், உண்மைப் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். நீ என்னோடு வந்த மாலைப் பூசைகளில், எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஏழு மணிக்கு, பெரும்பாலும் சாமியார் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், அவள் கைப்பைக்குள் போன் அதிரும். மரப் பெஞ்சில் பட்டு அது உறுமுவது போலக் கேட்கும். அவள் சின்ன டப்பாவைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள். வெளியே வந்ததும், "அக்கா, நல்லாயிருக்கீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். இப்போது ஏழு மணி என்றாலே என் காதில் அந்த உறுமல் கேட்கிறது. பேருந்தில் கேட்கிறது, சோறு வடிக்கும்போது கேட்கிறது. என் கைப்பையைத் திறந்துகூடப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவள் விழுங்குவது நான் போட்ட குறியை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அது எப்படி வந்தது என்று நான் கேட்கமாட்டேன். அது எங்கள் படிவத்திலும் இல்லை. யார் எப்படிப்பட்டவர் என்பதிலிருந்து ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அவள் நோயை உன்னிடம் மறைக்கவில்லை, என்னிடமும் மறைக்க விரும்பவில்லை. நான் பார்த்த எத்தனையோ ஜோடிகளில் இதைச் செய்யத் துணிந்தவர்கள் குறைவு. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கருவிக்கே தெரியாதபடி இறங்கி, அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவில் அது உனக்கு வராது. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. நிச்சயமாகத் தெரிந்த விஷயம். நோய் இல்லாதவர் சாப்பிடுகிற தடுப்பு மாத்திரையும் இப்போது இருக்கிறது. ரோசாவுக்குக் கிடைக்காத எல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். அதனால் நான் பயப்படுவது அவளைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்துத்தான்.

போன டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு அவள் நம் வீட்டில் மூன்று நாள் தங்கினாளே. எதையும் கவனிக்கிறவள் நான், கவனித்தேன். மாலையில் தினமும் சரியாக ஏழு மணிக்கு, அம்மாவோடு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சந்துக்குப் போனாள். போனோடு ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். அம்மாவை நினைத்து ஏங்குகிற பெண் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வீடு நிறைய விருந்தாளிகள். வாழையிலையில் அரிசிப் பணியாரம் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "எங்க போற இந்த நேரத்துல? உக்காரு, இந்த முடிச்சைப் போட்டுட்டுப் போ" என்று உட்கார வைத்தேன். பாசத்தில்தான். அவள் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் போகும் வரை என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகுதான் அந்த மணிக்கட்டு என் கைக்கு ஞாபகம் வந்தது. ஒரு வேளை தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒளித்துச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அது ஒரு வேளையோடு நிற்காது. மாமியார் துடைக்காத இடம் தேடி, வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி, விருந்தாளி வந்தால் நாளைக்கு என்று தள்ளி, அப்படித்தான் ஒரு ஜோடி பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகிறது. அடுத்த மாதம் நீங்கள் இருவரும் இந்த வீட்டுக்கு வருகிறீர்கள். தலையணை உறை உதறுகிறவள் இனி நான்.

அதனால் கேட்கிறேன். தமிழில் கேட்கிறேன். இந்த வாக்கியத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. நீங்கள் இருவரும் உடலுறவு கொள்ளும்போது ஆணுறை போடுகிறீர்களா, எப்போதுமா, சில நேரமா, இல்லையா? அவளுடைய வைரஸ் அளவு கடைசியாக எப்போது பார்த்தார்கள், அந்தக் காகிதத்தை நீ உன் கண்ணால் பார்த்தாயா? உன் ரத்தத்தைப் பரிசோதித்தாயா? இல்லை என்றால் எந்தக் கிழமை போகிறாய்? சில நேரம் என்றால், எது தடுக்கிறது? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், முழு வார்த்தையில். எனக்கு, பேசிவிட்டோம் என்று மட்டும் சொல். பாத்துக்கறோம் என்று சொல்லாதே. நான் இன்னொரு முறை அதை நம்பிவிடுவேன்.

அவளுக்கு நான் வியட்நாம் மொழியில் தனியாக எழுதியிருக்கிறேன். நான்கே வரி, ஆபீஸ் குரலில் இல்லை. உனக்கு எழுதிய இதை முழுக்க அவளுக்கு நீயே படித்துச் சொல். நேற்று சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்கும் மீன் சாஸ் பாட்டிலுக்கும் நடுவே இருந்த பழைய பத்திரிகைகளை எடுத்துவிட்டு ஒரு இடம் காலி செய்தேன். எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். விருந்தாளி கேட்டால் மருமகள் மருந்து என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். டப்பாவை அங்கே வைக்கட்டும். போனை அதிர வைக்க வேண்டாம் என்று சொல். கைப்பைக்குள்ளும் வேண்டாம். ஏழு மணிக்கு இந்த வீட்டில் அது வாய்விட்டு மணி அடிக்கட்டும். நான் எழுந்து தண்ணீர் கொண்டு வருகிறேன்.

உன் அம்மா, இந்த முறை கேட்டுவிட்டவள்.